புது பஸ் ஸ்டாண்டில் முதல் கடை

பயப்படுவதில் நான் எப்போதும் ஊருக்கு முன்னால் நிற்பவன். தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிக்கு வெளியே பைபாஸ் ஓரம் புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. மற்றவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கவலைப்பட்டார்கள். நான் பாதி டீயிலேயே எழுந்துவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில் எனக்கு ஒரு ஃபேன்சி கடை. வளையல், சீப்பு, பவுடர். ஆனால் கடையை ஓட்டியது இவை அல்ல, பைகள். நாகலாபுரம், எட்டயபுரம் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், "அண்ணாச்சி, பை இங்கன இருக்கட்டும்" என்று போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குள் போய்விடுவார்கள். கூலி கிடையாது. சாயங்காலம் பையைச் சும்மா எடுத்துப் போகக் கூச்சப்பட்டு ஒரு ரிப்பனாவது வாங்குவார்கள். அந்தக் கூச்சத்தில்தான் என் குடும்பம் சாப்பிட்டது.

புது இடத்தைத் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு தூண் எழும்பினால் எனக்கு இங்கே ஒரு இட்லி இறங்காது. கடைசியில் என் கடையைப் பக்கத்துச் செருப்புக்கடை பாயிடம் கொடுத்துவிட்டு, புது பஸ் ஸ்டாண்டில் முதல் கடையைப் பிடித்தேன்.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. பஸ்ஸு அங்க போவும். சனம் போவுமா?" என்றார் பாய்.

"பஸ்ஸு இல்லாத இடத்துல ஒம்ம செருப்ப யாரு பாய் வாங்குவா? நடந்தேவா வருவாவ?"

நடந்து வந்தால் செருப்பு தேயும், லாபம் அவருக்குத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரத்தை மறுநாள் ஆடு வந்து தின்றது. அந்த வாரம் என் கடைப்பக்கம் நின்று நிதானமாக எதையாவது ருசித்தது அது ஒன்றுதான். வெளியூர் பஸ்கள் ரோட்டோரத்திலேயே ஆளை உதறிவிட்டுப் பறந்தன. கிராமத்து பஸ்கள் பழைய இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஐப்பசி மழையில் ஒருவர் மட்டும் ரோட்டிலிருந்து கரிசலில் இறங்கி என்னை நோக்கி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்றை மண் பிடித்து வைத்துக்கொண்டது. ஆசையாகச் சீப்பை எடுத்து நீட்டினேன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். வழுக்கை.

"பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிய்யா போவணும்?" என்றார். பிறகு வந்த ஒன்றிரண்டு பேரும் இதையேதான் கேட்டார்கள்.

என் மனைவி சும்மா இருப்பாளா? "வழி கேட்டவனுக்கெல்லாம் ஆளுக்கொரு சீப்பு வித்திருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டிருக்கலாம்" என்றாள்.

சில வருஷங்களில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு மாடியில் ஒரு ஜவுளிக்கடை எழுந்தது. லிஃப்டில் ஏறி இறங்கவே குளத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். வாசலில் தொப்பி போட்ட காவலாளி ஒருவர், பையோடு உள்ளே விடமாட்டோம் என்று மறித்தார். பிறகு கேட்க வேண்டுமா? அத்தனை பையும் பாய் கடையில்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், மீந்திருந்த வளையல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, துணி எடுக்க வந்தவன் மாதிரி அங்கே போனேன். என் பழைய கடையில் கூரை வரை பைகள். திரும்ப இடம் கேட்க நாக்கு எழவில்லை. பையெடுக்க வந்த நாகலாபுரத்து அக்கா ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி, இருக்கியளா? கடைய மூடிட்டு துபாய்க்குப் போயிட்டியன்னுல்லா சொன்னாவ!"

"துபாய்தான் தாயி. மணலுக்குப் பதிலா கரிசல். அம்புட்டுதான் வித்தியாசம்."

பாய் சிரித்தார். "பை போடுறவிய எத்தன செருப்பு வாங்குனாலும் வளையல் எங்கன்னுதான் கேக்காவ. முன்னாடி ரெண்டடி இடம் சும்மாதான் கெடக்கு. வந்து உக்காருங்க."

அந்த ரெண்டடி இடத்தைக் கண்ணாலேயே அளந்தேன்.

"ஆனா பாய், இங்கன உள்ள பஸ்ஸயும் ஒரு நா தூக்கிருவாவன்னு ஒரு பேச்சு…"

பாய் என் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். குவியலைத் தூக்கிப் பிடித்து, எல்லாப் பைகளுக்கும் அடியில் அதைத் திணித்தார்.

"இனி ஓடணும்னா இம்புட்டையும் எறக்கி வச்சிட்டுத்தான் ஓடணும்" என்றார்.