கண்ணாடிக்கடை அக்காவின் அட்வான்ஸ்

"கழட்டுங்க" என்று கையை நீட்டினாள் அக்கா.

பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் திகைத்துப் போனார். முன்பின் தெரியாத ஒரு பெண் எதைக் கழட்டச் சொல்கிறாள்? வாட்சைத் தொட்டுப் பார்த்தார். செருப்பைக் குனிந்து பார்த்தார்.

"கண்ணாடியச் சொல்றேன் சார். இடது பக்கக் கம்பி லொடலொடன்னு ஆடுது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு இங்க உட்கார முடியல."

கைப்பையிலிருந்து தீக்குச்சி நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. பஸ் குலுங்கிய குலுக்கலில் நமக்கென்றால் கண்ணாடியும் போயிருக்கும், கண்ணும் போயிருக்கும். அக்கா இரண்டே திருகில் முடித்து, முந்தானையில் துடைத்து, அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். "தலையை ஆட்டுங்க" என்றாள். ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை. "ம், இப்ப ஜன்னல் வழியாப் பாருங்க, எல்லாம் பளிச்சுன்னு இருக்கும்." பார்த்தார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம்தான் பளிச்சென்று பின்னால் போய்க்கொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அக்காவுக்கு வேலை. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஃப்ரேம் ஃப்ரேமாக மாட்டிப் பார்த்து, அரை நாளாக நிலைக்கண்ணாடி முன்னாலிருந்து நகராதவர்களை அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். "இதே நல்லா இருக்கு சார். முகம் கொஞ்சம் சிரிச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்பாள். அடுத்த நிமிடம் பில் போட்டாகிவிடும்.

கடையில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்கள் பழையதை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போகப் பார்ப்பார்கள். விடமாட்டாள். உடைந்ததோ வளைந்ததோ, ஒரு கவரில் போட்டுக் கையில் திணித்துவிடுவாள். "கழட்டினது உங்க பொருள். தூக்கிப் போடறதுன்னாலும் நீங்கதான் போடணும். எனக்கு அந்த உரிமை கிடையாது."

குடியிருந்த வீட்டிலும் இதே சட்டம்தான். அது ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர், மேலே அக்கா, அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகும் மகள். வீட்டுக்காரருக்கு அக்கா வைத்த பெயர் 'பார்க்கலாம் சார்.' சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டு, பாகு காய்ச்சுவது போல, "பார்க்க...லாம்மா" என்பார். கதவுத் தாழ்ப்பாள் விழ மாட்டேன் என்கிறது, முட்டியால் ஓர் இடி இடித்தால்தான் விழுகிறது என்றால், "பார்க்க...லாம்மா." ஹால் ஸ்விட்ச் ஈரக் கையால் தொட்டால் சுருக்கென்கிறது என்று பதறிக்கொண்டு ஓடியபோதும் அதே பாகு, அதே பதம். "ஈரக் கையோட ஏம்மா தொடறீங்க?" என்பது மட்டும் கூடுதல்.

ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அக்காவால் உட்கார முடியாது என்பதுதான் தெரியுமே. தன் காசில் புதுக் குழாய் வாங்கினாள், புதுத் தாழ்ப்பாள் வாங்கினாள், ஆளைக் கூப்பிட்டு ஸ்விட்சை மாற்றினாள். கழட்டியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றினாள். வருஷங்கள் போகப் போகச் சாக்கும் தொந்தி போட்டது.

"இந்தக் குப்பைய எதுக்குடி அடைகாக்கற?" என்று புருஷன் கேட்பார்.

"குப்பை இல்லீங்க. சாரோட சொத்து."

கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு அமைந்தது. அங்கே கொடுக்க வேண்டிய அட்வான்ஸுக்குத் தங்கைதான் கைகொடுத்தாள். அவள் நர்சிங் படிப்பில் சேர எடுத்து வைத்திருந்த பணம். "ஓனர் பழைய வீட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததும் உன் கையில வச்சிடறேன்டி" என்று சொல்லித்தான் அக்கா வாங்கினாள். வீட்டைக் காலி செய்தாயிற்று, சாமான்களோடு சாக்கும் புது வீட்டுப் பரணுக்கு வந்தாயிற்று, சாவியைக் கொடுத்தாயிற்று. அட்வான்ஸ் மட்டும் 'பார்க்கலாம்' ஆனது. மாதம் ஒன்று போனது, இரண்டும் போனது. தங்கை வாய்விட்டுக் கேட்கவில்லை. "திங்கக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாளாம்க்கா, சும்மா சொன்னேன்" என்று மட்டும் போனில் சொன்னாள். அந்தச் 'சும்மா' அக்காவை இரண்டு நாள் சரியாகச் சாப்பிட விடவில்லை.

முதலில் புருஷனை அனுப்பினாள். அவர் தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. போனவர் டீ குடித்துவிட்டு, கண் கலங்கித் திரும்பி வந்தார்.

"பாவம்டி அந்த மனுஷன். முட்டி வலியாம், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம்."

"அட்வான்ஸு?"

"அந்த நிலைமையில எப்படிடி கேக்கறது? நல்ல தைலம் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்."

அக்கா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லவேளை, நம்ம புது வீட்டு அட்வான்ஸையும் சேர்த்துக் கொடுக்கறேன்னு சொல்லாம வந்தீங்களே."

அடுத்து அவளே போனாள். பார்க்கலாம் சார் மாடிப்படியில் நின்றபடி, எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, பிடித்தக் கணக்கு வாசித்தார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள். பெயின்ட். கடைசியில், தரை.

"தரைக்கு என்ன சார்?"

"க்ஹும். க்ஹும். தேஞ்சிருக்கும்மா."

"நடந்தா தேயாதா?"

"மூணு பேர் நடந்தா இவ்வளவு தேயுமா?"

"அப்ப நாங்க பறந்திருக்கணுமா சார்?"

அவர் பேச்சு மாறவில்லை. சொல்லச் சொல்ல மூக்கின் மேல் அவருடைய கண்ணாடிதான் சரிந்து சரிந்து இறங்கியது. வலது பக்க ஸ்க்ரூ பாதி வெளியே வந்திருந்தது. அக்காவின் விரல்கள் கைப்பைக்குள் தானாகப் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டன. அவள் வெடுக்கென்று கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவள் பார்த்தும் திருகாமல் விட்ட ஒரே கண்ணாடி அதுதான்.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா" என்றார் அவர். "நான் எப்படிக் கொடுத்தேனோ, அப்படியே வீட்டத் திருப்பிக் கொடுங்க. மறு நிமிஷம் முழு அட்வான்ஸும் உங்க கையில."

"அப்படியேவா சார்?"

"அப்படியே!"

"சொன்ன சொல்லு மாறமாட்டீங்களே?"

"இந்தத் தெருவே கேட்டுக்கிட்டு இருக்கும்மா!"

அக்கா சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். அதைப் பார்த்ததும், "என்னடி பண்ணப் போற?" என்றார் புருஷன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள், பின்னாலேயே சாக்கு இறங்கியது. ஆணி ஓட்டையை அடைக்கச் சிமென்ட்டோடு வந்திருக்கிறாள் என்று நினைத்த பார்க்கலாம் சார், முட்டி வலியையும் மறந்து படியேறி வந்து மாடியைத் திறந்துவிட்டார். "நிதானமாச் செய்யுங்கம்மா" என்று பெரிய மனது பண்ணிவிட்டுக் கீழே போனார்.

அக்கா நிதானமாகவே செய்தாள். தொட்டி வால்வை மூடினாள். தான் வாங்கிப் போட்ட குழாயைக் கழட்டி ஓரமாக வைத்தாள். சாக்குக்குள் கைவிட்டுப் பச்சை பூத்த பழைய குழாயை எடுத்து மாட்டி வால்வைத் திறந்தாள். சொட்டு. சொட்டு. சொட்டு. பழைய சிநேகிதி பேச்சைத் தொடங்கிவிட்டாள். அடுத்துத் தாழ்ப்பாள். அதையும் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். விழவில்லை. திருப்தியாகத் தலையசைத்தாள்.

கீழே பேச்சுக் குரல்கள் கேட்டன. புதிதாக வீடு பார்க்க வந்தவர்கள். ஓர் இளம் ஜோடி, கூடவே பெண்ணின் அப்பா. "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கலாம்" என்று பாகு காய்ச்சிக்கொண்டே பார்க்கலாம் சார் அவர்களை மேலே அழைத்து வந்தார். சமையலறை வாசலில் பாகு முறிந்தது.

"என்னம்மா இது?"

"உங்க குழாய் சார்."

"அது தெரியுது. நல்ல குழாய் இருந்துதே?"

"அது என் குழாய். அப்படியே வேணும்னீங்களே, அப்படியே பண்ணிக்கிட்டு இருக்கேன். எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தேன், ஒண்ணுகூடத் தொலைக்கல."

பெண்ணின் அப்பா கதவருகே நின்று தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தார். "இது விழ மாட்டேங்குதே?"

"முட்டியால ஒரு இடி இடிங்கப்பா, விழும்" என்றாள் அக்கா. சாக்கிலிருந்து கருகிப்போன ஸ்விட்சை எடுத்து அவருக்குக் காட்டினாள். "இத மாட்டத்தான் யோசனையா இருக்கு. நாங்க பட்டது போதும். குழந்தை குட்டி வர்ற வீடு பாருங்க."

அந்த இளம் பெண் புருஷனைப் பார்த்தாள். புருஷன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் படிக்கட்டைப் பார்த்தார்.

"க்ஹும்" என்றார் பார்க்கலாம் சார். இரண்டாவது செருமல் வரவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க. இதோ வந்துடறேன்."

முட்டி வலிக்காரர் அவ்வளவு வேகமாகப் படியிறங்கி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கீழே அவர் மனைவியின் குரல், "எதுக்குங்க இப்ப பீரோவத் திறக்கறீங்க?" என்றது. அதற்குப் 'பார்க்கலாம்' என்று பதில் வரவில்லை. மூச்சு வாங்க மேலே வந்தவர், ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டை அக்காவிடம் நீட்டினார்.

"ஆணி ஓட்டை, பெயின்ட், தரை?" என்று கேட்டாள் அக்கா.

"ஒண்ணும் இல்லம்மா. முழுசும் இருக்கு. அந்தக் குழாய மட்டும்..."

அக்கா எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கைப்பையில் வைத்தாள். போனை எடுத்தாள். "நாளைக்குக் காலையில வர்றேன்டி. ஃபீஸ் கட்டிடலாம். சும்மா சொன்னேன்" என்று சொல்லி வைத்தாள். பிறகு புதுக் குழாயைத் திரும்ப மாட்டினாள், புதுத் தாழ்ப்பாளையும் மாட்டினாள். "வச்சுக்கங்க சார். வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றாள். வந்தவர்களைப் பார்த்து, "தைரியமா வாங்கம்மா, காத்தோட்டமான வீடு. எது ஆடினாலும் அன்னைக்கே கேளுங்க" என்றாள். பழையதையெல்லாம் திரும்பப் போட்டுச் சாக்கைத் தூக்கி, 'பார்க்கலாம் சார்' கை இரண்டிலும் வைத்தாள். "உங்க பொருள்."

படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். திரும்பினாள். சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய கண்ணாடி, மூக்கு நுனிக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கைப்பைக்குள் கைவிட்டாள். தானே அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, சில நாளாக விரலில் நமைச்சலாக இருந்த அந்த ஒரு ஸ்க்ரூவை இறுக்கினாள். முந்தானையில் துடைத்தாள். திரும்ப மாட்டிவிட்டாள்.

"தலையை ஆட்டுங்க" என்றாள்.

ஆட்டினார்.