லோரியிலிருந்து அமுக்கிய பொத்தான்

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு காய்கறி லோரியில் கெலிண்டானாக ஏறியவன் நான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், கூடை ஏற்றி இறக்கி, கயிறு கட்டுகிற வேலை. கட்டிய கயிற்றைப் போகிற வழியெல்லாம் இறங்கி இறங்கிப் பார்ப்பேன். "டேய், கயிறு என்னா உன் பொண்டாட்டியா, ஓடிப் போயிரும்னு பாக்குற?" என்பார் டிரைவர் அண்ணன். வீட்டைப் பூட்டினாலும் அப்படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் போவேன், மனசு கேட்காது, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன்.

இப்படிப்பட்டவன் வீட்டில் அந்த மெஷினை வைத்ததுதான் எஸ்டேட் லயத்தில் எல்லாருக்கும் ஆச்சரியம். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போடுகிற, சின்னக் காற்றாடி வைத்த பெரிய கிராபிக்ஸ் கார்டுகளை ஓர் அலுமினியச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தி, ஓயாமல் கணக்குப் போடவிட்டால் இணைய நாணயம் துளித்துளியாகச் சேரும். லயத்தில் அதற்குக் காசு மெஷின் என்று பெயர். கரண்டு பில் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் கயிறு கட்டாத நேரத்திலும் நான் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது.

போனில் வீடியோ பார்த்து நானே கட்டினேன். ஒரு வீடியோவில் ஒல்லி வயர் உருகிக் கருகிப் போனதை ஒருவன் காட்டினான். அதைப் பார்த்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீடுகள் ஒரே கூரையின் கீழ் பலகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் லயமே போய்விடும். அதனால் வயரெல்லாம் தடித்ததாக வாங்கினேன். லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மீட்டரிலிருந்து அந்த அறைக்குத் தனி லைன் இழுத்தேன். சூடு ஏறினால் மெஷின் தானாக நிற்கும்படி வைத்தேன்.

ஆனால் கேமரன் மலையில் மெஷினுக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி பனிமூட்டம். சன்னல் இடுக்கில் பஞ்சு மாதிரி உள்ளே வரும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற வரை அதன் சூட்டிலேயே காய்ந்து கிடக்கும். நின்று குளிர்ந்துவிட்டால் கார்டு மேல் ஈரம் பூத்துவிடும். ஆக, அது நிற்கவே கூடாது. நானோ பாதி நாள் மலைக்குக் கீழே இருப்பவன். அதற்காகத்தான் போனிலிருந்து ஆன், ஆஃப் செய்கிற ஒரு பிளக்கைச் சுவர் சோக்கெட்டில் மாட்டினேன். கரண்டு போய் வந்தாலும் சரி, மெஷின் மயங்கி நின்றாலும் சரி, நான் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுப்பலாம். நான் கவனிக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் பிளக் தானாகவே ஆன் ஆகும்படி போனில் சொல்லி வைத்தேன். ஒரு கேமராவும் வைத்தேன். என் பயத்துக்கு இத்தனை காவல்.

அந்த அறைச் சூடு என் மனைவிக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் துணி காய்வது பெரிய பாடு. மெஷினிலிருந்து எட்டத்தில் கொடி கட்டி அவள் வேலைச் சட்டைகளைக் காயப்போட்டாள். பக்கத்து வீட்டு அக்காவும் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உன் புருசன் காசு பண்றானோ இல்லியோ, நல்லா துணி காயப் போடுறான்லா" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

ஆயுத பூசை அன்று காலை திரிங்காப் ஊரில் லோரியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். முட்டைக்கோஸ் லோடு, ஏற்றி முடித்து மலை இறங்கும்போதே மதியம் தாண்டிவிட்டது. முதலாளி சீனர், லீவு இல்லை. தேயிலை பேக்டரியில் பேக்கிங் வேலை பார்க்கிற என் மனைவியைப் பூசை முடிந்து மதியமே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது.

கம்போங் ராஜா தாண்டி ஈப்போ பக்கம் இறங்குகிற பாதை. போன் அதிர்ந்தது. மெஷின் நின்றுவிட்டது என்று சிவப்பில் செய்தி. வெளியே பார்த்தால் மலையெல்லாம் வெள்ளையாக மூடியிருக்கிறது. வீட்டிலும் இப்படித்தான் மூடியிருக்கும், கார்டெல்லாம் நனைந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஆன் பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. அது சுற்றும்போதே கேமராவைத் திறந்தேன்.

படம் ஒரே ஒரு தடவை வந்து அப்படியே நின்றுவிட்டது. என் மனைவி. முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். ஈரத் துணியோடு அவள் வலது கை சட்டத்துக்குள்ளே, மணிக்கட்டு வரை போயிருக்கிறது.

அடுத்த வளைவில் போன் லைன் போய்விட்டது.

அந்தப் பாதையில் போன் லைன் இல்லாத இடம் அதிகம். அமுக்கினது போய்ச் சேர்ந்ததா இல்லையா, தெரியாது. சேராவிட்டாலும் நான் சொல்லி வைத்தபடி பிளக் தானாக ஆன் ஆகிவிடும். கார்டில் ஓடுகிற கரண்டு ஆளைக் கொல்லாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடியில் கரண்டுப் பெட்டி இருக்கிறது. அதற்குள் வருவது வீட்டுக் கரண்டு. ஈரத்துணி, செம்புத் தண்ணீர், சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.

"அண்ணே, திருப்புங்கண்ணே."

"எங்க திருப்புறது? லோடோட இந்த வளைவுல திருப்புனா நீயும் நானும் கோஸோட கோஸா உருள வேண்டியதுதான்."

"வீட்டுல அவ மெஷினுக்குள்ள கைய விட்டுருக்கா. நான் ஆன் பண்ணிட்டேன்."

"நீ இங்கதானடா இருக்க. எப்படி ஆன் பண்ணுவ?"

போனைக் காட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் கிண்டல் இல்லை. முன்னால் ஒரு கல் லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரன் அடிக்காத மனிதர் அன்று அடித்தார். நான் போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் விறைத்துப் போனது. காலையில் அவள் கட்டிக் கொடுத்த சோறு மடியில் இருந்தது. அதில் சூடு மிச்சம் இருக்கிறதா என்று ஏனோ தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு திருப்பத்தில் லைன் வந்தது. வந்ததும் முதலில் தெரிந்தது பச்சை. மெஷின் ஓடுகிறது.

எத்தனையோ நாள் அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் போனை எடுப்பேன். அன்று அதைப் பார்த்ததும் அணைக்கத்தான் விரல் ஓடியது. ஆஃப் செய்தேன். கேமரா திறக்கவில்லை. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னா தம்பி, படையலுக்குக் கூப்புடுறியா?"

"அக்கா, எங்க வீட்டுக்கு ஓடுங்க. அவளத் தொடாதீங்க. மொதல்ல எட்ட நின்னு பாருங்க."

அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சத்தம். அப்புறம் அக்கா யாரிடமோ பேசுகிற மாதிரி இருந்தது. யாரிடம் என்று காதை அழுத்திக்கொண்டேன். "உக்காந்துருக்காடா. கையில துணியச் சுத்திக்கிட்டு உக்காந்துருக்கா. ரத்தம். ஆனா உக்காந்துதான் இருக்கா. இந்தா, பேசு."

"ஏங்க," என்றாள். "அது தானா சுத்துதுங்க. நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடச்சேன். பிளக்குல பொத்தான அமுக்குனேன், வெளக்குக்கூட அணஞ்சிருச்சி."

"நான்தான் ஆன் பண்ணேன்."

"எங்கேருந்து?"

"லோரியிலேருந்து."

அவள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அக்காதான் பேசினாள், காயத்துக்கு மஞ்சள் வைக்கிறேன் என்று.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பூசை முடிந்திருந்தது. கார்டுகள் மேல் சந்தனப் பொட்டு. ஒன்றில் மட்டும் பொட்டு பாதியில் இழுபட்டுக் கிடந்தது. அதன் காற்றாடி இறக்கைதான் அவள் விரலை வெட்டியிருந்தது. செம்பு கவிழ்ந்த ஈரம் கரண்டுப் பெட்டிக்கு ஒரு சாண் எட்டத்தில் நின்றிருந்தது. அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"இத நிறுத்தாதேன்னு சொல்லியிருந்தேன்ல," என்றேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"லோரிக்குப் பொட்டு வச்சிங்கல்ல? பேக்டரியில அத்தன மெஷினையும் நிப்பாட்டிப் பூச போட்டாங்க. நம்ம வீட்டுல வேல செய்யற மெஷினுக்கு மட்டும் ஒரு நாளு ஓய்வு கெடயாதா?" கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கேமராவுல பாத்துட்டு அமுக்குனிங்களா, அமுக்கிட்டுப் பாத்திங்களா?"

"அமுக்கிட்டுத்தான்."

"சரி," என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் போகவில்லை. வாசல்படி வரை கூட்டுவாள், அதோடு சரி. கொடியிலிருந்த துணியை அக்கா வந்து எடுத்துப் போனாள். சட்டைகள் முன்வாசலில் தொங்கி ஈர நாற்றம் அடித்தன. ரைஸ் குக்கரில் கை வைக்கும் முன் அவள் என் போன் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பதை நான் கவனித்தேன். என் பயம் எனக்குப் பழகினது, அதோடு நான் குடித்தனம் பண்ணிவிடுவேன். அவளுக்குப் பயம் என்பதே தெரியாது. மழையில், அட்டைக் கடியில் வளர்ந்தவள். அவளுக்கு நான் அதைக் கொடுத்துவிட்டேன்.

தானாக ஆன் ஆகிற ஏற்பாட்டை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினாள். போனில் செய்ததைப் போனில் எடுத்தேன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

வயர்மேனைத் திரும்பவும் கூப்பிட்டேன். அறைக்கு வெளியே, வாசல் பக்கத்தில், சிவப்புக் கைப்பிடி வைத்த சுவிட்சு ஒன்று போட்டார். பேக்டரி மெஷின்களில் இருக்குமே, அந்த மாதிரி. கீழே இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டால் போன் என்ன கத்தினாலும் கரண்டு உள்ளே போகாது. பூட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தேன். தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கில் கோத்துக்கொண்டாள்.

"லயத்துக் கடைசிக்குப் போங்க," என்றாள். "அங்கேருந்து அமுக்குங்க."

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றேன். கேமராவுக்கு வேறு லைன்; அதில் அவள் தெரிந்தாள். சிவப்புக் கைப்பிடியை இறக்கிப் பூட்டிவிட்டு அறைக்குள் வந்து, வெட்டுப்பட்ட அதே விரலைக் காற்றாடி மேல் வைத்தாள். போன் ஸ்பீக்கரில் அவள் குரல்: "அமுக்குங்க."

பூட்டை நானே மூன்று நான்கு தடவை இழுத்துப் பார்த்திருந்தேன். இருந்தும் என் கட்டை விரல் போகவில்லை.

"அமுக்குங்கன்னு சொல்றேன்ல."

அமுக்கினேன். வட்டம் சுற்றியது. அவள் விரல் அங்கேயே இருந்தது. காற்றாடி அசையவில்லை.

"அமுக்கிட்டிங்களா?"

"அமுக்கிட்டேன்."

"இன்னொரு தடவ."

இப்போது துணி திரும்பவும் அந்த அறையில்தான் காய்கிறது. மெஷின் அடிக்கடி நிற்கிறது, ஈரத்தில் ஒரு கார்டு போயேவிட்டது. நின்றால் நான் பொத்தானைத் தொடுவதில்லை, முதலில் அவளுக்குப் போன் அடிக்கிறேன். அவள் அலோ சொல்வதில்லை. எடுத்ததும், "உள்ள இருக்கேன்," என்பாள், இல்லையென்றால், "வெளிய இருக்கேன்." சில நாள் எடுக்க நேரமாகும். லோரி ஓடிக்கொண்டிருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன்.