ஆற்று வளைவிலிருந்து புதிய சபைக்கு 43 கிலோமீற்றர்

வாசித்துவிட்டுப் போங்கள், ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடாதீர்கள். என் பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. தங்கச்சி நித்திரை. அவளுக்குப் பக்கத்தில், போர்வைக்குள், அம்மாவின் தொலைபேசியில் எழுதுகிறேன்.

இரண்டு பிரதேச சபைகளை ஒன்றாக்கிய பிறகு எங்கள் பழைய சபைக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. இனி எந்த அலுவலுக்கும் புதிய சபைதான். போக இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் போனது இன்று, புதன்கிழமை. காரணம் ஒரு கடிதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆற்றைக் கடக்கும் வளைவில் ஆள் தாழும் அளவுக்கு மண் தோண்டியிருக்கிறார்கள். கோடையில் குழி கண்ணுக்குத் தெரியும், மாரியில் தெரியாது. வருகிற தையில் தங்கச்சி முதலாம் வகுப்புக்குப் போகிறாள். அந்த இடத்தை மட்டும் தோண்டாமல் விடச் சொல்லி எழுதினேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அங்கேதான் மண் ஏற்றுகிறார். முன்பு வயல்வேலை வருடத்தில் சில மாதம்தான். இப்போது ஒவ்வொரு நாளும் வேலை. எங்கள் கூரைத் தகரமும் என் சப்பாத்தும் அந்த மண்ணில் வந்தவைதான்.

காலை 6.10க்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். பிரதான வீதிக்கு 4 கிலோமீற்றர். சைக்கிளைக் கடையடியில் பூட்டிவிட்டு மல்லாவி பஸ்: 9 கிலோமீற்றர், 50 ரூபாய். அங்கிருந்து 7.45க்கு அடுத்த பஸ்: 30 கிலோமீற்றர், 130 ரூபாய். 9.05க்கு இறங்கினேன். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லி வந்ததால் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி.

என் முறை வர 11.15. கடிதத்தை வாங்கிய அக்கா இரண்டு தரம் வாசித்தார். ஆனால் அவர் மற்றச் சபையிலிருந்து வந்தவர், எங்கள் ஆறு தெரியாது. அந்த வளைவு எங்கே என்று யாருக்காவது தெரியுமா என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

பின்னால் வாங்கில் இருந்த ஒருவர் எழும்பி அக்காவிடம் சொன்னார். "எனக்குத் தெரியாமலோ தங்கச்சி? நான்தானே அங்க மண் அள்ளுறன்."

சிலர் சிரித்தார்கள். அவர் கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தார். "வடிவான எழுத்து. பிள்ளை ஆரின்ர மகள்?"

பெரியவர்கள் கேட்டால் தகப்பன் பெயரைச் சொல்லித்தான் பழக்கம். சொல்லிவிட்டேன்.

"ஓ, அவன் என்னட்டத்தானே வேலைக்கு நிக்கிறான்." குரலில் கோபமே இல்லை. பஸ் இரண்டரைக்குத்தான், தன் வாகனத்தில் வந்தால் வீட்டில் விடுகிறேன் என்றார். ரியூசன் இருக்கிறது என்றேன்.

"காலமை சபை, பின்னேரம் ரியூசன். கெட்டிக்காரிதான்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. என் பிரதியில் சீல் குத்தித் தந்தார்.

பழைய சபையில் இருந்த ஐயாவுக்கு எங்கள் ஆறு தெரியும், யாரையும் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அப்பாவையும் தெரியும். தூரத்துச் சபையில் என்னை யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் போனேன்.

போகிறவர்கள் இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் சீலும் திகதியும் வாங்குங்கள். இடத்தைக் காட்ட வரைபடம் கீறிக்கொண்டு போங்கள். கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வேண்டாம் என்று கேட்டிருந்தால் அக்கா கடிதத்தைத் திருப்பித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை.

அப்பா வழக்கமாகப் பின்னேரம் ஆறு மணிக்கு வந்துவிடுவார். இப்போது இரவு 9.40. அம்மா குசினியில் சோற்றை மூடி வைத்துவிட்டு இருக்கிறார். அப்பா என்றால் வாசல் படலையிலேயே நின்று தங்கச்சியைக் கூப்பிடுவார், கதவைத் தட்டமாட்டார்.

திரும்பி வரும் பஸ் 2.30 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அது

தட்டுகிறார்கள்