கினுயோவின் ஊதுபத்தி

கொளுத்திய ஊதுபத்தியோடு கினுயோ உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரி அவசரமாகப் போய் மாமனார் படம் இருக்கும் மாடத்தைத் திறந்துவைத்தாள். செத்தவரைக் கும்பிட வந்திருக்கிறார் என்று நினைப்பு. கினுயோ நேரே ஜன்னலுக்குப் போய்ச் சட்டத்தை ஒட்டிப் பத்தியைப் பிடித்தார். புகை மிரண்ட கோழி மாதிரி பக்கவாட்டில் ஓடியது.

"பாத்தியா, இங்கதான் குளிர் உள்ள வருது. உங்க மாமனாரை அப்புறமா கும்பிட்டுக்கறேன்."

ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் அசாஹிகாவாவில் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடந்தால் பார்வை கூரை விளிம்பில்தான் இருக்கும். பனிக்கட்டி விழுதுகள் தொங்கினால் உச்சுக்கொட்டுவார். வீட்டுச் சூடு கூரை வழியே கசிந்து பனியை உருக்குகிறது என்று அதற்கு அர்த்தம். "அழகா இருக்குல்ல?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். "அழகா? ஹீட்டருக்கு நீ ஊத்தற மண்ணெண்ணெய்தான்டி அங்க தொங்குது!" யாராவது வாசற்கதவை அகலத் திறந்தாலோ, வந்தது வம்பு. "தெருவே குளிர்காயணுமா? மூடு!"

தெருச் சங்கக் கூடத்தில்தான் அவருக்குப் பெரிய சண்டை வந்தது. தனியாக வாழும் எட்டு முதியவர்கள் மத்தியானம் சேர்ந்து சாப்பிடும் இடம் அது. போன வருடம் ஹீட்டரை முழுக்கத் திருகியும் பேசினால் வாயில் ஆவி வந்தது. இந்த வருடமும் அப்படியென்றால் மார்ச் வரை கூடத்தைப் பூட்டிவிடுவதாகப் பேச்சு. தலைவர் குரிமோதோ பெரிய ஹீட்டர் வாங்கலாம் என்றார்.

"ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் வச்சா நிறைஞ்சிடுமா?" என்றார் கினுயோ. "முதல்ல மேல பஞ்சு போட்டு மூடுங்க, அப்புறம் தரைக்கு அடியில."

"பஞ்சைத் திணிச்சா சூடு வந்துடுமாக்கும்! கூடத்துக் கூரையில ஒரு விழுது தொங்கட்டும், குளிர்காலம் பூரா நீங்கதான் பனி அள்ளணும்."

"அள்ளறேன். தொங்கலேன்னா?"

"பத்தியோட என் வீட்டுக்கே வாங்க!" இதுவரை கினுயோவை வாசலோடு அனுப்பிய மனிதர் குரிமோதோ.

கூடத்தில் வேலை தொடங்கியது. அடியில் ஈரம் என்பதால் தரைக்குத் தண்ணீர் குடிக்காத கெட்டி நுரைப்பலகை. மேலே இரண்டு சாண் கனத்துக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு. தச்சன் பிளாஸ்டிக் தாளைப் பஞ்சுக்கு மேல் விரிக்கப் போக, கினுயோ ஏணியில் பாதி ஏறிக் கத்தினார். "தாள் ரூம் பக்கம்யா! சோத்து ஆவியெல்லாம் பஞ்சுல ஏறி நனைஞ்சா, நனைஞ்ச கோட்டைப் போட்ட மாதிரிதான்!"

ஜனவரியில் குளிர் மைனஸ் இருபத்தொரு டிகிரிக்கு இறங்கிய காலை தெருவே கூடத்தின் முன் அண்ணாந்து நின்றது. பக்கத்து வீடுகளில் விழுதுகள் ஜன்னல் வரை தொங்கின. கூடத்தின் கூரையில் பனி போட்டது போட்டபடி முழங்கால் உயரம் கிடந்தது. ஒரு விழுது, ஒரு சொட்டு இல்லை! உள்ளே பழைய ஹீட்டர் ஆகக் குறைந்த புள்ளியில் எரிய, எட்டுப் பேரும் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் கேட்டார். கினுயோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை தட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை குரிமோதோ மண்வாரியால் தன் வீட்டுக் கூரையின் விழுதுகளை அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். தெருமுனையில் கினுயோ வருவதைப் பார்த்ததும் கை நின்றது. மூன்று விழுது பாக்கி.

கினுயோ பத்திப் பெட்டியை எடுத்துக் குலுக்கிக் காட்டினார்.

தலைவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்கதவைத் திறந்தார். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மட்டும்.