கிணற்று மீன் தின்னாத காலை

பூச்சிமருந்தின் வாசனை எனக்கு அப்பாவின் சட்டை வழியாகத்தான் முதலில் அறிமுகமானது. அம்மா எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாலும், எங்கள் ஊரான உருத்திரபுரத்து வெயிலில் நாள் முழுக்கக் காயவிட்டாலும், அது அந்தத் தோள்பட்டையை விட்டுப் போனதே இல்லை.

எங்கள் கிணற்றில் இரண்டு திலாப்பியா மீன்கள் இருந்தன. நுளம்பு பெருகாமல் அதன் குடம்பிப் புழுக்களைத் தின்னட்டும் என்று விடப்பட்டவை, என் கையால் சோறு தின்று பழகி, வந்த வேலையை மறந்து கொழுத்துப்போயிருந்தன. விடிந்ததும் நான் கிணற்றுக்கட்டில் சாய்ந்து "பழஞ்சோறு" போடுவேன். அடியிலிருந்து பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு கீழே போய்விடும்.

ஒருநாள் வயலுக்கு மருந்தடித்து முடித்த அப்பா, எங்கள் முறைத்தண்ணீர் முடிந்து வாய்க்கால் வறண்டு கிடந்ததால், முதுகில் சுமந்து அடிக்கும் "மெசினை" பொழுதுபடும் நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் கழுவினார். கழுவிய தண்ணீர் கட்டின் வெடிப்பு வழியே எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு மீன்களும் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் படபடவென்று அடித்தன. தண்ணீர் அள்ள வந்த அம்மா எட்டிப் பார்த்து, "பசியிலை வாய் பிளக்குதுகள், சோத்தைப் போடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு தேநீர் வைக்க வாளியோடு குசினிக்குப் போனார். போட்டேன். சோறு மீன்களின் வாயை உரசிக்கொண்டு கீழே இறங்கியது. அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, ஒரு மீன் பக்கவாட்டில் சரிந்தது. குசினிக்கு ஓடினேன். அப்பாவும் தம்பியும் தேநீர்க் கோப்பையை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார்கள்.

"அப்பா, மீன் தின்னேல்லை. மூச்சு வாங்குது."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "ஐயோ, நேற்று அதிலைதானே மெசினைக் கழுவினனான். ஒருத்தரும் தேத்தண்ணியை வாயிலை வையாதேங்கோ!"

தம்பியின் கோப்பையைப் பறித்து, கேத்தலையும் சேர்த்து முற்றத்தில் கவிழ்த்தார். தம்பி தேத்தண்ணிக்காக ஊரைக் கூட்டி அழுதான்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் மீன்களை விட்டுவிட்டு, அப்பா பம்பு வைத்துக் கிணற்றை வற்ற இறைத்தார்; ஊறியதை மறுபடியும் இறைத்தார். மூன்றாம் நாள் மீன்கள் ஒரு பருக்கையைக் கவ்வியபோது எனக்கு வந்த சந்தோஷம், வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட வந்ததில்லை.

பின்னாளில் விலங்கியல் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மருந்து செவுளைத் தாக்கினால் மீன் காற்றுக்குத் தவிக்குமாம். மூச்சுக்கே முழுப் பலத்தையும் செலவழிக்கும் உடம்பு தீனியை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்குமாம். நான் அளவுக்கு மிஞ்சிச் சோறு போட்டதும் நல்லதாய்ப் போயிற்று.

மீன்கள் கிணற்றுக்குத் திரும்பின. அதன்பின் "மெசின்" கிணற்றடிக்கு வந்ததில்லை. "மீன் திண்டுதோ?" என்று கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் தேநீர் குடித்ததுமில்லை.

இப்போது அங்கே குழாய்த்தண்ணீர் வருகிறது. கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. மீன்கள் போயும் எத்தனையோ வருடங்கள். நான் ஊருக்குப் போகும் காலைகளில், அம்மா கொடுத்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா என் முகத்தைப் பார்க்கிறார்.

"மீன் திண்டுதோ, பிள்ளை?"

"ஓம் அப்பா, திண்டுது."

அதற்குப் பிறகுதான் குடிக்கிறார்.