இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

ஓய்வு பெற்ற டீச்சர் ஜெபசுதாவுக்குப் பணத்தாசை கிடையாது. தன் புத்தகத்தை யாராவது ஒருவர் முழுதாகப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு ஆசைக்குத்தான் இத்தனை பாடு.

கடலோரத் திரேஸ்புரத்துக்கு ஆறு வருஷம் நடையாய் நடந்து, சங்கு குளிக்கப் போகிறவர்களின் மனைவிமாரிடம் கேட்டு எழுதினாள். சென்னைப் பதிப்பாளர், அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் நூலக ஆணையை நம்பியே அச்சிட்டார். ஆணையும் வந்தது. ராயல்டி கேட்டபோது, "லைப்ரரிக்குப் போனது அச்சுக்கூலிக்கே சரியாப் போச்சும்மா. கடையில வித்தா உங்களுக்குப் பத்து சதவீதம்" என்றார். கடைக்கு ஒரு பிரதிகூட அனுப்பாத மகராசன்.

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். புத்தகத்தின் கடைசியில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. தானே எடுத்துப்போகலாமா என்று நினைத்து, வெட்கப்பட்டு வைத்துவிட்டு வந்தாள்.

நல்லவேளை, ஒப்பந்தத்தில் மின்னூலைப் பதிப்பாளர் மறந்திருந்தார். அவளே இணையத்தில் ஏற்றினாள். சந்தா கட்டியவர்கள் படிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதியவருக்குச் சில பைசா. தினமும் காலையில் திறந்து பார்ப்பாள். நாலு மாதமாகப் பூஜ்யம். ஒரு திங்கட்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு. புத்தகமே அவ்வளவுதான்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு ரூபாயை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் போட்டு, 'என் நூலை ஒருவர் முழுவதும் வாசித்ததற்காக' என்று எழுதினாள். குருவானவர் அதைச் சபைமுன் வாசித்தார். கணவர் நேசக்குமாரும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்.

மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவர் போனில் போன வாரத்து வங்கிச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. மின்னூல் சந்தா நூற்று அறுபத்தொன்பது ரூபாய்.

"நீங்கதான் படிச்சியளா?" என்றாள், அவர் வந்ததும்.

"தெனமும் அதைத் தெறந்து பாத்து மூஞ்சியத் தொங்கப் போடுத. மனசு கேக்கல."

"முழுசும் படிச்சியளா?"

"பக்கத்த வெரலால தள்ளிவிட்டேம்ளா. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவனுக்கு எழுத்து எங்க ஏறுது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. கடவுளுக்கே பொய்க்கணக்குக் காட்டியாயிற்று.

"மொதப் பக்கத்துலயாவது என்ன போட்டிருக்குன்னு பாத்தியளா?"

அவர் தலை துவட்டுவதை நிறுத்தினார். "என்ன போட்டிருக்க?"

ஒரே வரிதான் போட்டிருந்தாள்: 'என் முதல் வாசகர் நேசக்குமாருக்கு.' அதை அவள் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.