தலையாட்டாத மூன்று மாதங்கள்

தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கப் போய் மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவன் என்று எங்கள் ஊர் செடெனாக்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் மண்டை உடையவில்லை. தரையில் ஓடிய தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி, பின்னந்தலை தேங்காய் உடைக்கும் தொட்டியின் விளிம்பில் மோதியது. மூளை அதிர்ந்திருக்கிறது, இரண்டு நாள் ஓய்வெடுங்கள், பிறகு மெல்ல மெல்ல வழக்கமான வேலைகளைத் தொடங்குங்கள் என்றார் டாக்டர்.

இரண்டு நாளை நான் மூன்று மாதமாக்கினேன். பிள்ளை பெற்றவள் பத்தியம் காத்துப் பந்தாங் இருப்பதுபோல் திரை போட்ட அறையிலேயே கிடந்தேன். டிவி கூடாது, வெயில் கூடாது, குனியக் கூடாது. முக்கியமாக, தலையைத் திருப்பவே கூடாது. திருப்பினால் சுற்றும். சுற்றினால் உள்ளே என்னவோ அறுந்துவிட்டது என்று வியர்த்துக் கொட்டும். யாராவது கூப்பிட்டால் காலை நகர்த்தி நகர்த்தி முழு உடம்போடு திரும்புவேன்.

"லோரி ரிவர்ஸ் எடுக்குது, வழி விடுங்க," என்பாள் மனைவி. "முப்பது வருஷத்துல நான் சொன்னதுக்கு நீங்க தலையாட்டாம இருந்தது இந்த மூனு மாசம்தான்."

வாய் அப்படி. ஆனால் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஜொகூர் பாருவில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நாள் கொடுத்திருந்தார்கள். நான் காரோட்ட மாட்டேன் என்றதும் தள்ளிப் போட்டுவிட்டாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் லீவு எடுத்து வருகிறேன் என்றான். "அப்பா கூட்டிட்டுப் போவாரு," என்று போனை வைத்தாள். பிடிவாதக்காரி! புதுத் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

பிறகு அவளே என்னை இழுத்துக்கொண்டு பிசியோவிடம் போனாள். அங்கிருந்த பெண் கழுத்தையும் கண்ணையும் சோதித்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், தலை நல்லாயிருச்சு. பயம்தான் இன்னும் ஆறல. தலைசுத்தலுக்குப் பயந்து ஓட ஓட அது பெருசாத்தான் ஆகும். தினம் கொஞ்சம் திரும்புங்க. சுத்தினா சுத்தட்டும், அடங்கினதும் மறுபடி திரும்புங்க."

முதல் வாரம், நிறுத்திய காரில் உட்கார்ந்து இடமும் வலமும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். அடுத்த வாரம் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள்ளேயே ஒரு சுற்று. மூன்றாவது வாரம் பெரிய ரோட்டுச் சந்திப்பு. கழுத்து விறைத்துவிட்டது.

"வலப்பக்கம் காடி வருதா பாரு," என்றேன் மனைவியிடம்.

"எனக்கு எல்லாமே புகையாத்தான் தெரியுது. நீங்களே பாருங்க லா."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் ரோடும் ஒரு சுற்றுச் சுழன்று, பிறகு தானாகவே நின்றன. நான் சாகவில்லை.

குறித்த நாளில் நான்தான் காரோட்டினேன். ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவள் கண்ணைச் சிமிட்டி என்னையே பார்த்தாள்.

"அலமாக்! என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க?" கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள். "இத்தனை நாளா யாரோ கிழவரோடயா குடும்பம் நடத்துனேன்?"

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை மாதமாக என் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கண் தெரியாமல் தடவித் தடவிச் சமைத்து, திரைக்குப் பின்னால் படுத்திருந்த எனக்குத் தட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். அடுத்த கண்ணுக்கு இருப்பதிலேயே சீக்கிரமான நாளாகக் கொடுங்கள் என்று கேட்டேன்.